அண்ணன் பிழிந்த எலுமிச்சம்பழம்

அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். கண் மருந்துக் குப்பி அளவுதான் இருக்கும், உள்ளே தண்ணீர் போன்ற ஒரு திரவம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அவர் லைம் யார்டுக்குச் சூப்பர்வைசர். பச்சைத் தோல் வந்து இறங்கி, சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறி, மயிர் கழன்று, வெளுத்த தோலாக அடுத்த பகுதிக்குப் போகும்வரை நடக்கும் வேலை முழுவதும் அவர் பொறுப்பு. நன்றாகக் கழுவிய தோலை ட்ரம்மில் போட்டு, அமிலச் சரக்கு சேர்த்துச் சுற்றவிடுவார்கள். பிறகு ஒரு தோலை எடுத்து ஓரத்தைக் கத்தியால் கீறி, அந்த வெட்டுவாயில் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விடுவார் அண்ணன். சொட்டு சிவந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள், தோல் மறுபடி ட்ரம்முக்குப் போகும். சிவக்காவிட்டால் சுண்ணாம்பு இறங்கிவிட்டது.

அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு வீட்டில் அவர் பண்ணாத அழிச்சாட்டியம் இல்லை. துணி துவைத்துவிட்டு வரும் அண்ணியின் கையில் ஒரு சொட்டு விடுவார். சோப்புக்குக் கை ரோஜா நிறத்தில் சிவக்கும். “உனக்கு சுண்ணாம்பு ஜாஸ்தி, ட்ரம்ல போட்டு சுத்தணும்” என்பார். திருப்பத்தூர் கல்லூரியில் வேதியியல் படித்தவர் அவர். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, நீ மனுஷத் தோலுக்கு டாக்டர், நான் மாட்டுத் தோலுக்கு டாக்டர், ரெண்டு பேரும் ஒரே ஜாதி என்று சர்ச் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

லைம் யார்டின் நாற்றத்தை வெளியூர்க்காரர்கள் அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். ரயில் ஆம்பூரைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் ஊர் நாற்றத்தை ஒரு நொடி பொறுக்க முடியாது, எங்கள் ஊர்ச் செருப்பு மட்டும் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். அண்ணனின் மகளுக்கு அது அப்பா வாசனை. குட்டி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவோம். நாலு வயது. வேலை முடிந்து வந்து அவர் கழற்றிப் போடும் சட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் படுத்துத் தூங்குவாள். துவைக்கப் போடுவதற்கு அண்ணி அதை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும், அவள் ஊரைக் கூட்டி அழுவாள். இதை நான் இங்கே சொல்லக் காரணம் உண்டு. வேறு எந்த ஊர்க் குழந்தையும் பின்னால் நான் சொல்லப்போகும் பாட்டிலைத் திறந்ததுமே முகம் சுளித்துத் தூர எறிந்திருக்கும்.

அப்போது நான் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டியூட்டி டாக்டர். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் காலத்துக் கேஷுவாலிட்டி யாருக்கும் சொந்தமில்லாத இடம். மேற்படிப்புக்கு இடம் கிடைக்காதவர்களும் இனிமேல்தான் கிடைக்க வேண்டியவர்களும் அங்கே இருந்தோம். வருகிறவரைப் பார்த்து, மூச்சு இருக்கிறதா என்று உறுதி செய்து, இது சர்ஜரி, இது எலும்பு, இது குழந்தைகள் பிரிவு என்று மாடிக்குப் பிரித்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. தபால் ஆபீஸில் கடிதம் பிரிப்பது மாதிரி என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். அவளும் அடுத்த வருஷமே கண் மருத்துவத்துக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து மக்கள் எதையாவது செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். தீக்காயத்தில் பேனா மை இருக்கும், வெட்டுக்காயத்தில் காபித்தூள் இருக்கும், மெஷினில் நசுங்கிய விரலுக்குப் பற்பசை பூசியிருப்பார்கள். அறியாமை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கேஷுவாலிட்டி வாசலில் நின்று கேட்டவள் நான். பின்னாலேயே ஓடிவரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன ஆச்சு என்பதல்ல. “இன்னா குடுத்தீங்க?” என்பதுதான். ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லும் தாயை அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க யாராலும் முடியாது. பெற்ற பிள்ளை துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் என்று அர்த்தம் அதற்கு. அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் எதையாவது கரைத்து ஊற்றிவிட்டு வருவார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து அண்ணி சமையலில் இருந்தார். வீட்டின் பின்புறம் குளிக்கும் இடத்தில் சாக்கடைத் துவாரம் முடியால் அடைத்துக்கொண்டிருந்தது. லைம் யார்டில் வேலை செய்கிறவர்கள் வீடுகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார்டில் தோல் ஊறிய தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மாட்டு மயிரைக் கரைக்கும் சரக்கு மனுஷ முடியைக் கரைக்காதா? கரைத்துவிடும், காசு கொடுத்து வாங்கும் எந்த மருந்தையும்விட வேகமாக. அண்ணனும் அப்படி ஒரு குளிர்பான பாட்டிலில் கொண்டுவந்து, பாதியை ஊற்றிவிட்டு, மீதியை மூடிச் சுவரோரம் வைத்திருந்தார். தெருவில் ஓடியாடிவிட்டுத் தாகத்தோடு வந்த குட்டி அதை எடுத்துக் குடித்துவிட்டாள்.

அவள் அலறியதும் அண்ணன்தான் முதலில் ஓடினார். பாட்டிலைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வாயெல்லாம் வெந்திருந்தது. சுண்ணாம்பு உள்ளே போய்விட்டது, சுண்ணாம்பை இறக்க வேண்டும். இத்தனை வருஷம் தினமும் அவர் செய்துகொண்டிருந்தது அந்த ஒரு வேலையைத்தான். அடுக்களையில் இருந்த எலுமிச்சம்பழங்களை அறுத்து, டம்ளரில் பிழிந்து, குழந்தையின் மூக்கைப் பிடித்துப் புகட்டினார். பிறகு பக்கத்து வீட்டு வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆம்பூரில் ஒரு கிளினிக்கில் காட்ட, உடனே வேலூருக்குப் போங்கள் என்றுவிட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரில் வந்தது குட்டி என்று எனக்கு முதலில் தெரியவில்லை. உதடு வீங்கி முகமே மாறியிருந்தது. நினைவில்லை. வாயைத் திறந்து பார்க்கக் குனிந்தபோது உள்ளிருந்து அந்த வாசனை வந்தது. நான் பிறந்த ஊரின் வாசனை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன், அண்ணன் நின்றிருந்தார். மாடியிலிருந்து குழந்தைகள் பிரிவு டாக்டர் படிகளில் ஓடி வந்தார். குழாய் போட்டோம். மூச்சுக் கொடுத்தோம். என் அண்ணன் மகள் என்று தெரிந்ததும் சிஸ்டர் என்னை மெல்ல விலக்கிவிட்டு வேறொருவரை நிற்கவைத்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பாட்டிலில் இருந்தது வெறும் சுண்ணாம்பு அல்ல. சல்பைடும் இருந்தது. சல்பைடின்மேல் புளிப்பு பட்டால் விஷவாயு கிளம்பும். கழுவாத தோலில் அமிலம் ஊற்றாதே என்பது லைம் யார்டின் முதல் பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவரே அண்ணன்தான். தொட்டிக்குள் இறங்கியவனும் அவனைத் தூக்க இறங்கியவனும் சேர்ந்து செத்த கதைகள் அவருக்கு அத்துபடி. எல்லாம் தெரிந்த மனுஷருக்கு அந்த நேரத்தில் சுண்ணாம்பு மட்டும் நினைவுக்கு வந்தது. சல்பைடு மறந்துபோயிற்று.

அண்ணன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழவில்லை அவர். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஒடனே எலுமிச்சம்பழம் குடுத்தேம்மா. அது சரிதானே?”

“சரிதாண்ணா” என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. வருந்த வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த வராந்தாவில் அவர்கள் வந்து நின்று பார்க்கட்டும்.

ஆனால் சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே தங்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். அண்ணன் எல்லோருக்கும் பதில் சொன்னார். உடனே எலுமிச்சம்பழம் கொடுத்தேன், என் தங்கச்சி டாக்டரே சரி என்றாள், நம் கொடுப்பினை அவ்வளவுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யார்டு ஆட்களின் வீடுகளுக்கு இது வைத்தியமாகப் போய்ச் சேர்ந்தது. சல்பைடுத் தண்ணீர் குடித்தால் எலுமிச்சை, எலுமிச்சை இல்லாவிட்டால் புளி.

சில மாதங்கள் கழித்து வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே பாட்டில் கதை. புளித்தண்ணீர் புகட்டியிருந்தார்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டதற்கு அந்தத் தகப்பன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார், ஆம்பூரில் ஒரு டாக்டரம்மாவே இதுதான் சரி என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்த டாக்டரம்மா எதிரில் நின்று ஊசி குத்திக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. பையன் பிழைத்தான். தொண்டைக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது. வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வழியாகத்தான் கஞ்சி ஊற்ற வேண்டியிருந்தது. குழந்தைகள் வார்டில் வெகுநாள் இருந்தான். மற்ற பிள்ளைகள் சாப்பிடும்போது அவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வருஷம்தான் எனக்கு மேற்படிப்பு வந்தது. அதுவும் இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்தன. குழந்தை மருத்துவத்தில் இடம் கிடைக்கும் அளவுக்கு நுழைவுத் தேர்வில் எழுதியிருந்தேன். அதே சமயம் எங்கள் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சையைத் தனிப் படிப்பாகத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு அரசு அங்கீகாரம் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. படித்து முடித்தால் வெளியில் போர்டு மாட்ட முடியாது. குழந்தை டாக்டர் என்றால் ஊருக்குப் புரியும், கேஷுவாலிட்டி டாக்டர் என்றால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

அண்ணனுக்குக் கவலையே இல்லை. நான் குழந்தை டாக்டர்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பைபாஸ் பக்கம் ஒரு கட்டடம் பார்த்து வைத்திருந்தார். குட்டியின் பெயரில் கிளினிக், கீழே சிகிச்சை, மாடியில் தடுப்பூசி, சுவரில் என்ன வண்ணம் என்பதுவரை பேசுவார். குட்டி போனதிலிருந்து வாய் திறக்காத அண்ணி அந்தப் பேச்சு வரும்போது மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வாசலில் சறுக்குமரம் ஒன்று வைக்கலாமே என்று ஒருநாள் அவராகவே சொன்னார். சாவு விழுந்த வீட்டில் முதல்முதலாக உலை கொதிக்கும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவருக்கு ஒரு கொள்கை உண்டு. தன்னிடம் படிக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, தோல் கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய், முதல் பத்து நிமிஷத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பேச வேண்டும். எங்கள் மாவட்டத்தில் படிக்கும் ஒருத்தி பேசப் போனால் எங்கே போக வேண்டும், யார் எதிரில் நின்று எதைச் சொல்ல வேண்டும்? மாடியில் குழந்தைகள் பிரிவுக்குப் போய்விட்டால் யாரும் என்னை லைம் யார்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். அண்ணனுக்குக் கிளினிக் கிடைக்கும், வராந்தாவில் நான் சொன்னது அப்படியே இருக்கும். கீழே மட்டும் பாட்டில் குடித்த பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். ஆனால் மாடிக்கு வரும் குழந்தை, நடக்க வேண்டியது நடந்து முடிந்த பிறகு வரும் குழந்தை. ரப்பர் குழாயில் கஞ்சி குடித்தவனைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது பொறுக்கவில்லை.

நேர்முகத் தேர்வில் அவசர சிகிச்சை என்று சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தைகள் பிரிவு மேடம், நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கழிவறையில் அழுதேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவளைப் பார்த்ததுண்டா என்று சுவரிடம் கேட்டார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் சொன்னார்: “கேஷுவாலிட்டில இன்னா இருக்குன்னு போற? அங்கதான் குட்டி செத்தா.” அன்று முதல் எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஏன் போகிறேன் என்று அவரிடம் சொல்லவே முடியாத காரணத்துக்காகத்தான் போகிறேன் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

அடுத்த ஆண்டு அவருடைய கம்பெனியிலிருந்தே அழைப்பு வந்தது. மேனேஜர் கேட்டிருந்தார். தோல் காயவைக்கும் கொட்டகையில் கூட்டம். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் பெஞ்சு போட்டு, மைக் கட்டி, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது அண்ணன்தான். வைத்துவிட்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். கை நசுங்கினால் என்ன செய்வது, கண்ணில் சரக்கு தெறித்தால் எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது, தொட்டியில் ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஏன் குதிக்கக் கூடாது என்று எல்லாம் சொன்னேன். பாட்டில் குடித்த குழந்தைக்கு, வாயைத் துடைத்துவிட்டு எதுவும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன். எலுமிச்சையின் பெயரைச் சொல்லாமலே தாண்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்திருக்க வேண்டும், அக்கறையாகத்தான் கேட்டார். “எலுமிச்சம்பழம் குடுக்கறோமே மேடம், கொழந்தைக்கு ஒன்னு புழியலாமா, ரெண்டு புழியணுமா?”

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. “புழியவே கூடாது” என்றேன்.

ஏன் என்று அவர் கேட்டார். அதில் சல்பைடு இருக்கிறது என்றேன். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் சல்பைடும் புளிப்பும் சேர்ந்தால் என்னவாகும் என்று தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், ஒருவரும் முன்வரிசை ஓரத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்து நின்றார். “சத்தமா சொல்லும்மா. பின்னால இருக்கறவங்களுக்கு கேக்கல.”

சத்தமாகச் சொன்னேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “நான் குடுத்தேன். நீங்க யாரும் குடுக்காதீங்க” என்றார். பிறகு யார்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

கூட்டம் முடிந்து கேட் அருகில் அவருக்காகக் காத்திருந்தேன். வந்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டார். இந்த முறை எனக்குப் பொய் வரவில்லை. எவ்வளவு குடித்தாள் என்று யாருக்கும் தெரியாது, வயிற்றிலும் அமிலம் இருக்கிறது, கொடுக்காவிட்டாலும் போயிருக்கலாம். தெரியாது அண்ணா என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பேச்சு மறுபடி தொடங்கியது, கிளினிக்கைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

இப்போது அவசர சிகிச்சைக்கு அங்கீகாரம் உண்டு, போட்டி போட்டுக்கொண்டு சேருகிறார்கள். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற வருஷம் ஆம்பூரிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஒரு தாய். மறுபடியும் அதே பாட்டில் கதை. வாய் லேசாக வெந்திருந்தது, அவ்வளவுதான். எதையாவது கொடுத்தீர்களா என்றேன். “ஒண்ணும் குடுக்கல டாக்டர். எலுமிச்சம்பழம் குடுத்து பெத்த புள்ளைய சாகடிச்ச சூப்பர்வைசர் கதை எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்” என்றாள். நான் தலையை நிமிர்த்தாமல் குழந்தைக்கு ஊசி போட்டேன். இரண்டொரு நாளில் குழந்தை தானாகப் பால் குடித்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டதை மட்டும் அண்ணனிடம் சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் தன்னைப் பற்றியும் சொல்லியிருப்பார்களே என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னை நம்பவில்லை.

“சொல்லட்டும்மா” என்றார். “சொல்லிக்கினே இருக்கட்டும்.”